பழுது பார்க்கும் கண்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே குறை கண்டுபிடிக்கத்தான். ஆம்பூரில் ஒரு டேனரியின் அசார்ட்டிங் மேசை முன்னால் நின்றே தலை நரைத்தவன் நான். வெட் புளூவாக, நீலமும் ஈரமுமாய் வந்து விழும் ஆட்டுத்தோலை விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆட்டின் ஜாதகம் தெரிந்துவிடும். உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் இழுத்த கோடு, அம்மை வந்து ஆறிய வடு, உரிக்கும்போது கத்தி தவறிய இடம், உப்பு போதாமல் கெடத் தொடங்கிய ஓரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் இறங்கும், தரம் இறங்கினால் சதுர அடி விலை இறங்கும். ஈரோட்டிலிருந்தும் பெரியமேட்டிலிருந்தும் தோல் போடுகிறவர்கள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எனக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்படிப்பட்ட ஆளுக்குக் காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. நல்ல காசு சேர்த்திருந்தால் குடும்பத்தில் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நான் தேடியது பழுதான காசு, அதாவது எரர் காயின். அச்சு விரிசல் விட்டது, அச்சு நகர்ந்தது, வில்லை ஓரம் வெட்டுப்பட்டது. தோலில் எந்தக் குறைக்கு விலையைக் குறைக்கிறேனோ, காசில் அதே குறைக்கு விலை ஏறுகிறது என்று ஒருவர் சொன்னபோது, எனக்காகவே வைத்திருந்த தொழில் இது என்று நினைத்தேன். உலகத்திலேயே குறை பார்க்கத் தேர்ந்த கண் என்னுடையதுதானே?

முதல் சறுக்கல் ஒரு கால் டாலரில். ஷூ வாங்கும் கம்பெனி தரப்பில் வந்த அமெரிக்கர் ஒருவர் போகும்போது நினைவுக்கு இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர்க் காசைத் திருப்புவதுபோல, புத்தகப் பக்கம் புரட்டும் விதத்தில் திருப்பினேன். முன்பக்கம் வாஷிங்டன் நேராக இருக்கிறார், பின்பக்கம் கழுகு தலைகீழாகத் தொங்குகிறது. இரண்டு அச்சும் 180 டிகிரி விலகியிருக்கிறது! எரர் காயின் விலைப்பட்டியலில் ‘டை ரொட்டேஷன்’ என்று தனித் தலைப்பே உண்டு. கட்டிங் சூப்பர்வைசரிடம் சொன்னேன், டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் சொன்னேன், வீட்டில் மாடிக்கு ஓடு மாற்றும் செலவைப் பற்றிய பேச்சை நானே ஆரம்பித்தேன்.

காலேஜில் படிக்கும் என் தங்கை மகன் அதைக் கெடுத்தான். “மாமா, எங்க சார் ஒருத்தர் அமெரிக்கா போயிட்டு வந்தவரு. அவருகிட்ட இருக்கற நாலு காசும் இப்படித்தான் இருக்கு” என்றான். அப்புறம்தான் விசாரித்தேன். நம் நாணயங்களில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்கக் காசுகள் அத்தனையும் மேலிருந்து கீழாகப் புரட்டிப் பார்ப்பதற்காக எதிரும் புதிருமாகவே அடிக்கப்படுகின்றன. ஒரு தேசத்தின் சில்லறை முழுவதையும் பிழை என்று அறிவித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓடு இன்னும் மாற்றவில்லை.

அடுத்த சறுக்கல் டை கிராக்கில், அதாவது அச்சு விரிசலில். அது என்ன என்று ஆம்பூர்க்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஃபினிஷிங் பிரிவில் பிளேட்டிங் பிரஸ் இருக்கிறது. புள்ளியோ ரேகையோ செதுக்கிய இரும்புப் பிளேட்டைச் சூடாக்கி, தோல் மேல் வைத்து அழுத்தினால் அந்த ரேகை தோலில் இறங்கும். பிளேட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அன்றைக்கு அழுத்தின தோல் எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு எழும்பி நிற்கும். பிளேட்டில் பள்ளம் என்றால் தோலில் மேடு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். பரீட்சை மாதிரி திருப்பிக் கேட்கவும் கேட்பேன்.

காசிலும் இதே கதைதான். எஃகு அச்சு அடுத்தடுத்து லட்சக்கணக்கான அடி வாங்குகிறது. எங்காவது மயிரிழை விரிசல் விடும். அடுத்த வில்லை மீது அச்சு இறங்கும்போது, அழுத்தம் தாங்காமல் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். காசில் ஒரு மேட்டுக்கோடு ஓடும். விரிசல் முற்றி அச்சின் ஓரத்துண்டு உடைந்து போனால், அந்த இடத்தில் எழுத்தும் இல்லாமல் உருவமும் இல்லாமல் உலோகம் கட்டியாகப் புடைத்துக்கொள்ளும். சேகரிப்பவர்கள் அதை ‘கட்’ என்பார்கள், அதற்கு விலை இன்னும் அதிகம். ஆனால் காசு அச்சை விட்டு வெளியே வந்தபிறகு சாவிக்கொத்தோ ஆணியோ பட்டு விழுந்த கோடு பள்ளமாக இருக்கும். அதற்கு விலை கிடையாது, உள்ளதும் குறையும்.

இவ்வளவும் தெரிந்த நான், வேலூரில் பழைய சாமான் விற்கிற ஒரு பாயிடம் 1942ஆம் வருஷத்துக் காலணா ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஆறாம் ஜார்ஜின் கிரீடத்திலிருந்து விளிம்பு வரைக்கும் அழகான கோடு. பாய்கூட, “சார், கோடு போட்டதுக்கா இவ்ளோ கொடுக்கறீங்க, கோடு இல்லாததே ஐம்பதுக்கு இருக்கே” என்று மனசாட்சியோடு கேட்டுப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் இருந்த எல்லோருக்கும் அதைக் காட்டினேன். பேரணாம்பட்டிலிருந்து புதிதாக வந்திருந்த டிரெய்னிப் பெண் அதை வாங்கி, நகத்தால் ஒரு தடவை உரசினாள்.

“சார், இது பள்ளமா இருக்கு சார்.”

“இருக்கட்டும்மா, அதனால என்ன?”

“பிளேட்ல பள்ளம்னா தோல்ல மேடா வரும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

அவள் கிண்டல் செய்யவில்லை. பாடம் ஒழுங்காகப் படித்திருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். மேசையில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ரசம் ஊற்றிக்கொள்வதில் எல்லோரும் மும்முரமாகிவிட்டார்கள். அடுத்தவன் தோலில் குறையைப் பார்க்கும் கண், நம் ஆசைக்கு வேண்டிய குறையைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பக்கத்து ஊர்க் காசிலாவது ஜெயிக்கலாம் என்று ஆற்காட்டுப் பக்கம் திரும்பினேன்.

ஆற்காடு இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான். ஆற்காடு ரூபாய் என்று ஒன்று ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்கப் புழங்கியது. வேடிக்கை என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஆற்காட்டில் அடித்தது இல்லை. நவாபிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1736லிருந்து புதுச்சேரியிலும், ஆங்கிலேயக் கம்பெனி 1742லிருந்து சென்னையிலும் ‘ஆற்காடு’ என்று பாரசீக எழுத்தில் பெயர் போட்டு அடித்துத் தள்ளினார்கள். பிறை போட்டிருந்தால் புதுச்சேரி, தாமரை போட்டிருந்தால் சென்னை. டெல்லியில் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். அவர் பெயரிலேயே, அவருடைய ஆறாம் ஆட்சியாண்டு என்றே போட்டு, கம்பெனி 1800களிலும் ரூபாய் அடித்துக்கொண்டிருந்தது. சராப்புக் கடைக்காரருக்குப் பழகிய முகப்பு மாறினால் காசை எடைக்கு இறக்கிவிடுவார் என்ற பயம்தான் காரணம். செத்தவரின் ஆட்சியை அரை நூற்றாண்டுக்கு மேல் நீட்டித்ததில் கம்பெனிக்குக் கூச்சமே இல்லை.

எனக்குக் கிடைத்தது தாமரை போட்ட ஒன்று. எழுத்தில் பாதி வெளியே ஓடிவிட்டிருந்தது. ஒரு வரி நடுவில் வெட்டுப்பட்டு நின்றது, வருஷத்தைக் காணவே காணோம். அச்சு விலகி அடித்த அபூர்வப் பிழை என்று முடிவுகட்டி, சொன்ன விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினேன். விற்றவன் மனம் மாறிவிடுவானோ என்று அவசரம் வேறு. பிறகு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். பழைய கையடி ரூபாய்களில் வரிசையாக எல்லாவற்றிலும் பாதி எழுத்து வெளியே. அந்தக் காலத்தில் அச்சு பெரிது, வில்லை சின்னது. சுத்தியலால் அடிக்கும்போது வில்லைக்குள் எவ்வளவு விழுந்ததோ அவ்வளவுதான் எழுத்து. முழு வாசகமும் விழுந்த காசு கிடைத்தால் அதுதான் அபூர்வம். என் கையில் இருந்தது அதற்கு நேர்மாறான, மிகச் சாதாரணமான ரூபாய்.

அமெரிக்கப் பிழைக் காசுகளின் கதைகளைப் படிக்கும்போது மட்டும் எனக்கு ஒரு சொந்தபந்த உணர்வு வரும். 1955இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு சென்ட் அச்சு தயாராகும்போது உருவம் இரண்டு தடவை, கொஞ்சம் விலகிப் பதிந்துவிட்டது. ஆண்டும் எழுத்தும் கண்ணாடி இல்லாமல் படிப்பதுபோல இரட்டையாகத் தெரியும். இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குள் அவை மற்ற மெஷின்களின் காசோடு கலந்துபோயிருந்தன. லட்சக்கணக்கான நல்ல சென்ட்டோடு சேர்த்து உருக்குவதா, போகட்டும் என்று விடுவதா? விட்டுவிட்டார்கள். இருபதாயிரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே வெளியே போயிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். சிகரெட் மெஷினில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட்டோடு மிச்சம் இரண்டு சென்ட்டைத் தாளுக்குள் சொருகித் தருவார்களாம். பலருக்கு இந்தக் காசு கிடைத்தது அப்படித்தான்.

அந்த இன்ஸ்பெக்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அதாவது, அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேக்கிங் முடிந்துவிட்டது, நடுவில் எங்கோ ஒரு கட்டு தரம் மாறிக் கலந்துவிட்டது என்று தெரியவருகிறது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதா? “போகட்டும் விடுங்க, பாத்துக்கலாம்” என்று சொன்ன அந்த வாய் என்னுடையதுதான். வித்தியாசம் என்ன? அவர் விட்ட சரக்கை இன்றைக்கு ஏலத்தில் எடுக்கிறார்கள். நான் விட்ட சரக்குக்கு டெபிட் நோட் வந்தது.

1937இல் டென்வரில் நடந்தது இன்னும் நெருக்கம். எருமை உருவம் போட்ட ஐந்து சென்ட் காசு. நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சும் மோதிக்கொண்டதில் ஒன்றின் தடம் மற்றதில் பதிந்துவிட்டது; இதை டை கிளாஷ் என்பார்கள். தடத்தை அழிக்க யாரோ ஆர்வமாகத் தேய்த்தார். தடம் போயிற்று, கூடவே எருமையின் முன்னங்கால் ஒன்றும் போயிற்று. மூன்று கால் எருமை என்று அதற்கு உலகப் புகழ். எங்கள் ஊரில் பஃபிங் என்று ஒன்று உண்டு. மேல்தோலில் உண்ணித் தழும்பு இருந்தால் எமரி காகிதத்தால் மெலிதாகத் தேய்த்து எடுத்து, மேலே பெயின்ட் கொடுத்து, பிளேட் அழுத்திச் சமாளிப்பார்கள். ஆர்வம் மிஞ்சித் தேய்த்தால் தழும்போடு தோலின் முகமே போய்விடும். இந்த வித்தையை நான் காசிலும் செய்து பார்த்தேன். கறுத்துக்கிடந்த ஒரு வெள்ளி அரை ரூபாயைப் பல் பவுடர் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டுத்தான், பழைய காசைத் தேய்த்தால் விலை பாதியாகும் என்று தெரிந்துகொண்டேன்.

பன்றி ரூபாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் பட்டம் ஏறியதும் வந்த ரூபாயில், அவர் அங்கியில் தொங்கும் யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிந்ததாம். கூச்சல் கிளம்பியது. ஏறக்குறைய 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் அளவுக்குத்தான் வெளியே போனது, மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கையை நீட்டி மறுபடி அடித்தார்கள். நான் வாங்கிய ரூபாயில் பன்றி தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதும் தெரிந்தது. வருஷத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. 1912.

இத்தனை அடிபட்ட பிறகும் ஒரு கண்காட்சி மைதானத்துக் கடையில் 1804 என்று போட்ட அமெரிக்க வெள்ளி டாலரை வாங்கினேன் என்றால், அதற்கு மேல் என்னைப் பற்றி யாரும் விசாரிக்கத் தேவையில்லை. 1804 டாலர் என்பது உலகத்தில் 15 மட்டுமே இருப்பதாக அப்போது எண்ணி வைத்திருந்தார்கள். அந்தப் பதினைந்தில் ஒன்றுகூட 1804இல் அடித்தது இல்லை. மஸ்கட் சுல்தான், சயாம் அரசர் போன்றவர்களுக்குப் பரிசு கொடுக்க 1834 வாக்கில்தான் முதலில் அடித்தார்கள். பதினாறாவது ஒன்று வேலூர் மாவட்டத்தில் பொம்மைத் துப்பாக்கிக்கும் பாசிமணிக்கும் நடுவில் கிடக்கிறது என்று நான் நம்பினேன். அதன் முகத்தில் ஒரு விரிசல் கோடும் இருந்தது, இந்த முறை மேடாகவே இருந்தது! டிரெய்னிப் பெண்ணிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து நகத்தால் உரசச் சொன்னேன். “மேடுதான் சார்” என்றாள். பிறகு மேசையில் வைத்தாள். தையல் பிரிவில் கீழே விழும் ஊசி பொறுக்குகிற காந்தம் ஒன்று பக்கத்தில் கிடந்தது. என் வெள்ளி டாலர் நகர்ந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது.

உண்மையான அமெரிக்க டாலர் நம் ஊருக்கு வரவே இல்லையா என்றால், வந்தது, டன் டன்னாக வந்தது. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கோதுமை, சணல் என்று எவ்வளவோ கப்பலேறியது. நம் பக்கத்திலிருந்து போனது தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்பாகமாகப் போயிற்று. சரக்குக்கெல்லாம் இங்கே வெள்ளி ரூபாயில் பணம் கொடுக்க வேண்டும். வெள்ளி தீர்ந்துகொண்டே வந்தது. 1917 முடிவில் ஒரு ரூபாய் நோட்டே அச்சடித்துப் பார்த்தார்கள். ஜனங்கள் காகிதத்தை நம்பாமல் வெள்ளி கேட்டார்கள். அமெரிக்கா 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, கஜானாவில் மூட்டை மூட்டையாகத் தூங்கிய வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலைக்கு, இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அது ரூபாயாக மறுபிறவி எடுத்தது. எந்த வருஷத்து டாலர் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் மார்கன் டாலர் என்ற அந்தப் பழைய வெள்ளி டாலரின் டை கிராக்குகளுக்குக்கூட எண் கொடுத்துப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஏற வேண்டியவை எத்தனையோ 1918 ரூபாய்க்குள் கரைந்து கிடக்கின்றன. அந்த ரூபாயில் சில, தோலுக்கு விலையாக வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கமும் வந்திருக்கலாம்.

இந்த விஷயம் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு 1918 ரூபாயை வாங்கி, உள்ளூர் அடகுக்கடையில் வைத்து, இது அமெரிக்காவின் வெள்ளி, நம் ஊர்த் தோலுக்குக் கிடைத்த கூலி என்று சரித்திரம் பூராவும் சொன்னேன். சேட்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு தராசில் வைத்து, “பதினொண்ணரை கிராம் சார். தேய்மானம் போக இவ்வளவு வரும்” என்றார்.

இன்னொரு பழைய அமெரிக்கக் கண்டத்து வெள்ளியைச் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் பார்த்தேன். 1807 வாக்கில் சென்னையில் கம்பெனி அடித்த அரைப் பூவராகன். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் பெருமாளும் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்தும். கோபுரத்தின் ஓரத்தில் சம்பந்தமே இல்லாத லத்தீன் எழுத்து ஒன்றிரண்டு மங்கலாகத் தெரிந்தது. “டை கிளாஷ்!” என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைக்காரர் நிதானமாக விளக்கினார். புதிதாக வில்லை வெட்டும் வேலையை மிச்சம் பிடிக்க, மெக்ஸிகோவிலும் பெருவிலும் அடித்த ஸ்பானிய டாலரையே வைத்து, அதன்மேல் நம் கோபுரத்தை அடித்திருக்கிறார்கள். ஸ்பெயின் அரசர் முழுவதும் அழியாமல் கோபுரத்துக்கு அடியில் கிடக்கிறார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் தலையாட்டினான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஆன்லைனில் விற்றுப் பார்த்த கதை சின்னது. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட நம் ஊர்க் காசு ஒன்றைப் படம் எடுத்துப் போட்டேன். ஒருவர் கூப்பிட்டு மூன்று லட்சம் என்றார், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு நிஜமான பழுது என் கைக்கு வந்தது. டீக்கடைச் சில்லறையில் ஒரு இரண்டு ரூபாய். விளிம்போரம் உலோகம் கட்டியாகப் புடைத்து, அதிலிருந்து ஒரு மேட்டுக்கோடு உள்ளே ஓடியது. நகம், லென்ஸ், டிரெய்னி என்று எல்லாப் பரிசோதனையிலும் தேறியது. சென்னைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கி, விளக்குக்குச் சாய்த்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். எனக்கு அந்தத் தடவலே பிடிக்கவில்லை.

“கட் இருக்கு. ஆனா காசு தேஞ்சிருக்கு சார். ரிம்ல அடி. இந்தப் பக்கம் கீறல் பாருங்க. இதே வருஷத்துல இந்த மாதிரி நிறைய வருது. நூத்தம்பது.”

“கீறலா? எங்க? அது லைட்டு!” என்றேன். தோல்காரர்கள் என்னிடம் சொல்லும் வார்த்தை. அவர் இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார், நான் செய்வதுபோலவே உதட்டைப் பிதுக்கி.

“நூத்தி இருபது.”

இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னால் விலை இன்னும் இறங்கும் என்பது என் மேசையின் சட்டம். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஆயிரத்து இருநூறு என்று சொன்னேன். என் மனைவி கையை நீட்டினாள். மறுநாள் ஏடிஎம்மில் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணி முடித்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் காசு டப்பாவை மரியாதையோடு பார்த்தாள்.

“பரவாயில்லையேங்க. மிச்சம் இருக்கறதையும் அவருகிட்டயே கொண்டுபோய்க் குடுத்துடுங்க.”